கேஸ் மாத்திரைக்குள் இரண்டு மருந்து: பான்டோபிரசோல் – டோம்பெரிடோன் கூட்டைப் பாதுகாப்பாகச் சாப்பிடுவது எப்படி?

காய்ச்சலுக்குப் போனாலும் மூட்டுவலிக்குப் போனாலும் மருந்துச் சீட்டின் கடைசி வரியில் ஒரு "கேஸ் மாத்திரை" இருக்கும். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. மற்ற மருந்துகள் தீர்ந்ததும் நிறுத்திவிடுகிறவர்கள் இதை மட்டும் விடுவதில்லை. நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், குமட்டல், உப்புசம் என்று எது வந்தாலும் மருந்துக்கடையில் பெயரைச் சொல்லி ஓர் அட்டை வாங்கிக்கொள்கிறார்கள். நாளடைவில் பாராசிட்டமாலைப் போல அதுவும் வீட்டு மருந்தாகிவிடுகிறது.

அந்த அட்டையின் பின்பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். நம் ஊரில் அதிகம் புழங்கும் பான்-டி என்றால், பான்டோபிரசோல் 40 மில்லிகிராம், டோம்பெரிடோன் 30 மில்லிகிராம் என்று இரண்டு பெயர்கள் இருக்கும். ரேசோ-டி போன்றவற்றில் பான்டோபிரசோலுக்குப் பதில் ரபிபிரசோல். ஓமெஸ்-டி என்றால் ஒமிபிரசோல். முதல் மருந்து எதுவானாலும் அது அமிலத்தைக் குறைப்பது. இரண்டாவது குமட்டலை அடக்குவது.

இந்த இரண்டும் ஒரே கூட்டுக்குள் இருந்தாலும் இவற்றின் கெடு ஒன்றல்ல. அமிலம் குறைக்கும் மருந்தை மருத்துவர் நான்கு வாரம், எட்டு வாரம் கூடக் கொடுக்கலாம். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தேவைப்படும். டோம்பெரிடோன் அப்படியல்ல. சில நாள் குமட்டலுக்கான மருந்து அது. இரண்டையும் ஒரே கேப்சூலில் விழுங்கும்போது, நீண்ட நாளுக்கான மருந்தோடு சேர்ந்து குறுகிய நாளுக்கான மருந்தும் மாதக்கணக்கில் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. இந்தக் கூட்டு மருந்தின் பெரும்பாலான சிக்கல்களுக்கு வேர் இதுதான்.

அமிலம் எங்கே, எரிச்சல் எங்கே

இரைப்பையில் அமிலம் இருப்பது நோயல்ல. உணவைச் செரிக்கவும் அதனுடன் வரும் கிருமிகளைக் கொல்லவும் அது வேண்டும். இரைப்பையின் உட்சுவர் அந்த அமிலத்தைத் தாங்கும்படி அமைந்திருக்கிறது. உணவுக்குழாய்க்கு அந்தத் தாங்கும் சக்தி கிடையாது. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. நாம் விழுங்கும்போது திறந்து, உடனே மூடிக்கொள்ள வேண்டியது அது. வேளை கெட்ட நேரத்தில் தளர்ந்தாலோ, வயிற்றின் அழுத்தம் அதிகமானாலோ அமிலம் மேலே ஏறும். நெஞ்சின் நடுவில் எரியும், தொண்டையில் புளிக்கும், சிலருக்கு இரவில் வறட்டு இருமலாகவும் வரும். எதுக்களிப்பு என்பது இதுதான்.

பான்டோபிரசோல் வேலை செய்வது தசை வளையத்தில் அல்ல, அமிலம் சுரக்கும் இடத்தில். இரைப்பைச் சுவரின் சில செல்களில் புரோட்டான் பம்ப் எனப்படும் நுண்ணிய பம்புகள் உள்ளன. அமிலத்தை வெளியே தள்ளுவது அவைதான். பான்டோபிரசோல் அவற்றைப் பற்றிக்கொண்டு முடக்கிவிடுகிறது. முடங்கிய பம்பு திரும்ப இயங்காது. உடல் புதுப் பம்பைக் கட்டி முடிக்கும்வரை அங்கே அமிலம் சுரப்பது குறைந்திருக்கும். அதனால்தான் இரத்தத்தில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும் இந்த மருந்து, ஒரு நாள் முழுவதும் பலன் தருகிறது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் பம்பைத்தான் இந்த மருந்தால் முடக்க முடியும். பம்புகள் மும்முரமாக ஓடுவது நாம் சாப்பிடும்போது. உணவு உள்ளே வரும் நேரத்தில் மருந்து இரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் என்று சொல்வது இதற்காகத்தான். "வெறும் வயிற்றில்" என்பதைப் பலர் பாதி மட்டும் கேட்டுக்கொள்கிறார்கள். காலை ஆறு மணிக்கு மாத்திரையை விழுங்கிவிட்டு பதினொரு மணிவரை எதுவும் சாப்பிடாதவருக்கு அதன் பலனில் பெரும்பகுதி வீண். சாப்பிட்ட பிறகு நெஞ்சு எரியும்போது போடுகிறவருக்கும் அப்படியே.

முதல் நாளே முழுப் பலன் கிடைக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே வேளை மருந்தில் எல்லாப் பம்பும் முடங்குவதில்லை. மூன்று முதல் ஐந்து நாள் தொடர்ந்து சாப்பிட்டால்தான் அமிலம் நன்றாகக் குறையும். முதல் நாள் எரிச்சல் அடங்கவில்லையே என்று மாலையில் இன்னொன்று போட்டுக்கொள்வது தவறு. கூட்டு மருந்தில் அப்படிச் செய்தால் டோம்பெரிடோனும் இரட்டிப்பாகிவிடும்.

கேப்சூலைக் கடிக்கவோ, பிரித்துப் பொடியைத் தண்ணீரில் கரைக்கவோ கூடாது. பான்டோபிரசோல் அமிலத்தில் கெட்டுப்போகும். குடலுக்குப் போய்க் கரையும்படி அதற்குத் தனி உறை போட்டிருக்கிறார்கள். டோம்பெரிடோன் பகுதி மெல்ல மெல்லக் கசியும்படி செய்யப்பட்டது. உடைத்தால் இரண்டு ஏற்பாடும் குலைந்துவிடும். விழுங்க முடியாத முதியவர் வீட்டில் இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லி வேறு வடிவத்தில் எழுதி வாங்குங்கள்.

டோம்பெரிடோன்: குமட்டலை அடக்குவது, இதயத்தைத் தொடுவது

டோம்பெரிடோன் 1974இல் பெல்ஜியத்தின் ஜான்சென் ஆய்வகத்தில் உருவானது. டோபமைன் என்ற வேதிப்பொருள் செய்தி சொல்லும் வழியை அது மறிக்கிறது. நம் மூளையின் அடிப்பகுதியில் வாந்தியைத் தூண்டும் ஒரு பகுதி இருக்கிறது. மூளையைச் சுற்றி இரத்தத்துக்கு உள்ள தடுப்பு அந்த இடத்தில் இல்லை. டோம்பெரிடோன் தடுப்பைத் தாண்டி உள்ளே அதிகம் போகாத மருந்து. ஆனால் இந்தத் திறந்த இடத்தை எட்டிவிடும். ஆகவே வாந்தி அடங்குகிறது, மூளையின் மற்றப் பகுதிகளுக்குப் பெரிய தொந்தரவு இல்லை. கூடவே இரைப்பை தன்னிடம் உள்ளதைச் சீக்கிரம் குடலுக்குத் தள்ளவும் அது உதவுகிறது. சாப்பிட்டது அப்படியே நிற்கிற மாதிரி இருக்கும் கனம் குறைவது இதனால்தான்.

இவ்வளவும் நல்லதுதான். மறுபக்கம் இதயத்தில் இருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத் தசை தன் மின்னூட்டத்தைச் சரிசெய்துகொண்டு அடுத்த துடிப்புக்குத் தயாராக வேண்டும். டோம்பெரிடோன் அந்தத் தயாராகும் நேரத்தை நீட்டக்கூடியது. ஈசிஜியில் கியூடி இடைவெளி என்று மருத்துவர்கள் அளப்பது இதைத்தான். அது அளவுமீறி நீண்டால் துடிப்பு தாறுமாறாகி, மயக்கமோ, அரிதாகத் திடீர் மரணமோ நேரலாம். 1980களின் நடுவில் டோம்பெரிடோன் ஊசி கைவிடப்பட்டதற்கு இதுதான் காரணம். புற்றுநோய் மருந்தால் வரும் வாந்திக்கு அதிக அளவில் நரம்பு வழியே ஏற்றப்பட்ட நோயாளிகள் சிலருக்கு இதயம் நின்றது. மாத்திரையில் இரத்தத்தில் சேரும் அளவு மிகக் குறைவு. அதனால் மாத்திரை தொடர்ந்தது. அமெரிக்காவில் அதற்கும் இன்றுவரை விற்பனை ஒப்புதல் இல்லை.

2014இல் ஐரோப்பிய மருந்து முகமை இந்த மருந்தை முழுதாக மறுபரிசீலனை செய்தது. அதன் முடிவுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது பயன் தரும். குமட்டல், வாந்தி இவற்றுக்கு மட்டுமே கொடுக்க வேண்டும். நெஞ்செரிச்சலுக்கும் உப்புசத்துக்கும் கொடுக்கக் கூடாது. பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 10 மில்லிகிராம், ஒரு நாளில் மூன்று முறை, அதாவது நாளொன்றுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. வழக்கமாக ஒரு வாரத்துக்கு மேல் நீட்டக் கூடாது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும், 30 மில்லிகிராமுக்கு மேல் சாப்பிடுகிறவர்களுக்கும் இதய ஆபத்து கூடுதல்.

இப்போது மீண்டும் நம் அட்டைக்கு வாருங்கள். ஒரே கேப்சூலில் 30 மில்லிகிராம். ஐரோப்பாவில் ஒரு நாளுக்கு உச்சமாக வைத்த அளவு முழுவதும் காலை ஒரு கேப்சூலிலேயே முடிந்துவிடுகிறது. மெல்லக் கசிவதால் ஒரே நேரத்தில் இரத்தத்தில் ஏறாது என்பது உண்மை. ஆனாலும் அன்றைக்கு இதற்கு மேல் இடமில்லை.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பேருந்துப் பயணத்திலோ, வெளியே சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமலோ வாந்தி வந்தால் பலர் வாங்குவது டோம்ஸ்டால். அதில் இருப்பதும் டோம்பெரிடோன்தான். தலைசுற்றலுக்குக் கொடுக்கும் சில கூட்டு மாத்திரைகளிலும், ஒற்றைத் தலைவலி மருந்துகள் சிலவற்றிலும் அதுவே இருக்கிறது. காலையில் கேஸ் மாத்திரை, மதியம் வாந்தி மாத்திரை, இரவு தலைசுற்றல் மாத்திரை என்று மூன்று பெயரில் ஒரே மருந்தைச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்றையும் மூன்று மருத்துவர்கள் எழுதியிருக்கலாம். மருந்தின் வணிகப் பெயரை விட, அதற்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படிக்கும் பழக்கம் மட்டுமே இதிலிருந்து காப்பாற்றும். எழுத்து சின்னதாக இருந்தால் கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், அல்லது கடைக்காரரை வாசிக்கச் சொல்லுங்கள்.

பெயரின் வாலையும் கவனியுங்கள். "டி", "டிஎஸ்ஆர்" என்று முடிந்தால் டோம்பெரிடோன் சேர்ந்தது. "எல்", "எல்எஸ்ஆர்" என்றால் பெரும்பாலும் லெவோசல்பிரைடு. இது மூளைக்குள் போகக்கூடியது, முதியவர்களுக்கு நீண்ட நாள் கொடுத்தால் கை நடுக்கம், உடல் இறுக்கம், நடை தளர்வு என்று பார்க்கின்சன் நோய் போன்ற அறிகுறிகளைக் கொண்டுவரலாம். "ஐடி" என்றால் பெரும்பாலும் ஐடோபிரைடு. கடையில் ஒன்று இல்லையென்று இன்னொன்றைத் தந்தால் "எல்லாம் ஒண்ணுதான்" என்று வாங்கி வராதீர்கள். இவை ஒன்றல்ல.

எந்த மருந்தோடு சேரக் கூடாது

டோம்பெரிடோனைக் கழித்து வெளியேற்றுவது கல்லீரலில் உள்ள ஒரு நொதி. சில மருந்துகள் அந்த நொதியை முடக்கிவிடும். அப்போது நீங்கள் சாப்பிட்டது ஒரு கேப்சூல்தான் என்றாலும் இரத்தத்தில் இருப்பது அதைப்போல் சில மடங்கு. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள், கீட்டோகோனசோல், இட்ராகோனசோல், ஃபுளுகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகள், இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் டில்டியாசெம், வெரபாமில் ஆகியவை இந்த வகை.

இதில் படர்தாமரைக்காரர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். வியர்வையும் ஈரமும் உள்ள நம் ஊரில் தொடை இடுக்கிலும் இடுப்பிலும் வரும் படர்தாமரைக்கு இட்ராகோனசோல் கேப்சூலை வாரக்கணக்கில் எழுதுகிறார்கள். அது வயிற்றைப் பிரட்டுகிறது என்று கூடவே ஒரு கேஸ் கேப்சூலைப் போட்டுக்கொண்டால் இரண்டு பக்கமும் கெடுகிறது. இட்ராகோனசோல் கேப்சூல் உடலில் சேர இரைப்பையில் அமிலம் வேண்டும். பான்டோபிரசோல் அமிலத்தைக் குறைத்துவிடுவதால் படர்தாமரை ஆறாது. இட்ராகோனசோல் நொதியை முடக்குவதால் டோம்பெரிடோன் இரத்தத்தில் ஏறும். தோல் மருத்துவரிடம் போகும்போது நீங்கள் சாப்பிடும் கேஸ் மாத்திரையின் பெயரையும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இன்னொரு கூட்டம், தாமாகவே கியூடி இடைவெளியை நீட்டும் மருந்துகள். சளிக்கும் தொண்டை வலிக்கும் தாராளமாக எழுதப்படும் அசித்ரோமைசின் இதில் வரும். லீவோஃபிளாக்சசின், மூட்டு வாதத்துக்கான ஹைட்ராக்சிகுளோரோகுயின், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் எஸ்சிடலோபிராம், இதயத் துடிப்புக்கான அமியோடரோன், வாந்திக்கான ஒன்டான்செட்ரான் இவையும் உண்டு. இளைஞர் ஒருவர் மூன்று நாள் அசித்ரோமைசினும் கேஸ் கேப்சூலும் சேர்த்துச் சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் எழுந்து நடமாடுவார். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். ஆனால் அதே சீட்டு எழுபது வயதில், இதயம் பலவீனமாக இருப்பவருக்கு, சிறுநீர் பிரிய ஃப்யூரோசெமைடு சாப்பிடுகிறவருக்குப் போனால் கதை வேறு. சிறுநீர் மாத்திரை பொட்டாசியத்தைக் கழித்துவிடும். வாந்தியும் பேதியும் அதைத்தான் செய்யும். பொட்டாசியமோ மெக்னீசியமோ குறைந்த உடலில் டோம்பெரிடோனின் இதய ஆபத்து கூடும்.

இங்கே இந்தக் கூட்டு மருந்துக்கே உரிய ஒரு முடிச்சு இருக்கிறது. பான்டோபிரசோல் வகை மருந்துகளை மாதக்கணக்கில் சாப்பிட்டால் சிலருக்கு இரத்தத்தில் மெக்னீசியம் குறையும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011இல் எச்சரித்தது. கேப்சூலின் ஒரு பாதி மெக்னீசியத்தைக் குறைக்கிறது. மெக்னீசியம் குறைந்தால் மறுபாதி இதயத்துக்கு ஆபத்தாகிறது. நீண்ட நாள் சாப்பிடுகிறவருக்கு அடிக்கடி தசைப்பிடிப்பு, படபடப்பு, கை கால் இழுப்பு வந்தால் மெக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இதயச் செயலிழப்பு, பிறவியிலோ பின்னரோ வந்த துடிப்புக் கோளாறு, மிதமான அல்லது கடுமையான கல்லீரல் பாதிப்பு, குடல் அடைப்பு, இரைப்பைக் குடலில் இரத்தக்கசிவு, பிட்யூட்டரி சுரப்பியில் புரோலாக்டின் கட்டி இருப்பவர்களுக்கு டோம்பெரிடோன் ஆகாது. புரோலாக்டின் என்பது பால் சுரக்கவைக்கும் ஹார்மோன். டோம்பெரிடோன் எல்லோருக்குமே அதை ஓரளவு உயர்த்தும். மாதவிலக்கு தள்ளிப்போவது, பால் கொடுக்காத பெண்ணுக்கு மார்பில் பால் கசிவது, ஆண்களுக்கு மார்பு வீங்கி வலிப்பது இதனால் நேரலாம். வெட்கப்பட்டு இதை மறைத்து, வேறெங்கோ காரணம் தேடிப் பரிசோதனைகளுக்குச் செலவழிக்கிறார்கள். மருந்தை நிறுத்தினால் பொதுவாகச் சரியாகிவிடும்.

தாய்ப்பால் அதிகம் சுரக்கட்டும் என்று இதையே தேடிச் சாப்பிடுவதும் உண்டு. அமெரிக்க நிர்வாகம் 2004லேயே அதற்கெதிராக எச்சரித்தது. தாயின் இதயத்துக்குள்ள ஆபத்தும், பால் வழியே கொஞ்சம் குழந்தைக்குப் போவதும் காரணம். கர்ப்பிணிகளுக்கு மசக்கை வாந்திக்கு இதைவிட நன்கு பழகிய மருந்துகள் இருக்கின்றன. மகப்பேறு மருத்துவர் எழுதாமல் போடவே கூடாது. பெரியவர் கேப்சூலைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை: கொடுக்கக் கூடாது.

கேஸ் என்று நினைத்து இதயத்தை விட்டுவிடாதீர்கள்

கேஸ் கேப்சூல் கையில் இருப்பதாலேயே வரும் ஆபத்து ஒன்று இருக்கிறது. மாரடைப்பின் வலி பலருக்கு நெஞ்சில் எரிச்சலாக, மேல் வயிற்றில் அழுத்தமாக, ஏப்பம் வந்தால் தேவலை போலிருக்கும் அவஸ்தையாக வரும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் அது தெளிவில்லாமல் வருவது இன்னும் அதிகம். "கேஸ்தான், ஒரு மாத்திரை போட்டுப் படு" என்று விடிய விடியக் காத்திருந்து தாமதமாக வந்தவர்களைப் பார்க்காத அவசரப் பிரிவு எங்குமே இருக்காது.

நெஞ்சு அல்லது மேல் வயிற்று வேதனையுடன் வியர்த்துக் கொட்டுவது, மூச்சு வாங்குவது, இடது கை, தோள், தாடை, முதுகு என்று பரவுவது, நடந்தால் கூடி உட்கார்ந்தால் குறைவது இவற்றில் எது இருந்தாலும் மாத்திரையைத் தேடாதீர்கள். 108ஐ அழையுங்கள், உடனே ஈசிஜி எடுங்கள். கேஸாகவே இருந்துவிட்டுப் போகட்டும், ஈசிஜி எடுத்ததில் நட்டமில்லை.

எரிச்சலின் பின்னால் வேறு நோய் ஒளிந்திருக்கும் அடையாளங்களும் உண்டு. விழுங்கும்போது உணவு அடைப்பது, காரணமின்றி எடை குறைவது, இரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், இரத்தசோகை, நிற்காத வாந்தி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் அஜீரணம். இவர்களுக்கு எண்டோஸ்கோபி தேவைப்படலாம். மாத்திரையால் எரிச்சல் மட்டும் அடங்கி, உள்ளே புண்ணோ புற்றுநோயோ வளர்ந்துகொண்டிருக்கக் கூடாது. அல்சருக்குக் காரணமான எச் பைலோரி கிருமிக்கு மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்வதானால், அமிலம் குறைக்கும் மருந்தைப் பொதுவாக இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாமல் போனால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.

மாதக்கணக்கில் சாப்பிட்டால்

பான்டோபிரசோல் பக்கத்தைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். இணையத்தில் அதைப் பற்றிப் பரவும் பீதியும் தவறு, மிட்டாய் போலச் சாப்பிடுவதும் தவறு. நீண்ட காலம் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். உணவிலிருந்து பி12ஐப் பிரித்தெடுக்க அமிலம் வேண்டும் என்பது காரணம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவருக்கு அதுவும் பி12ஐக் குறைக்கும். இரண்டும் சேர்ந்து, போதாததற்கு சுத்த சைவமும் என்றால் கால் மரத்துப் போவதையும் எரிவதையும் சர்க்கரை நோயின் கணக்கில் மட்டும் எழுதிவிடக் கூடாது. பி12 அளவைப் பார்க்க வேண்டும். எலும்பு முறிவு பற்றி 2010லும், ஆன்டிபயாட்டிக்குப் பிறகு வரும் ஒருவகைக் கடும் வயிற்றுப்போக்கு பற்றி 2012லும் அமெரிக்க நிர்வாகம் எச்சரித்தது. அரிதாகச் சிறுநீரகத்தில் அழற்சியும் வரும். இவற்றில் பல, சாப்பிடுகிறவர்களிடம் அதிகம் காணப்பட்டவை. மருந்துதான் காரணம் என்று எல்லாவற்றிலும் நிறுவப்பட்டதில்லை.

ஆகவே தேவையுள்ளவர்கள் பயந்து நிறுத்திவிடக் கூடாது. இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து, இரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறவருக்கு இரைப்பையில் இரத்தக்கசிவு வராமல் காப்பதே இந்த மருந்துதான். உணவுக்குழாய் கடுமையாகப் புண்பட்டவருக்கும் அப்படியே. ஆனால் அவர்களுக்கு வேண்டியது பான்டோபிரசோல் மட்டும். குமட்டல் இல்லாதவருக்கு, அதுவும் இதய நோயாளிக்கு, டோம்பெரிடோன் எதற்கு? வலி மாத்திரைக்குத் துணையாகக் கொடுக்கும்போதும் இதே கேள்விதான். அமில மருந்து தனியாகவே எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள் ஒமிபிரசோலையும் எசோமிபிரசோலையும் தவிர்க்க வேண்டும் என்பதும் இங்கே சேரும். அவை குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கும்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் காலை வேளையே ஒரு சிக்கல். அதுவும் வெறும் வயிற்றில், இதுவும் வெறும் வயிற்றில். எழுந்ததும் தைராய்டு மாத்திரை, இடைவெளி விட்டு மற்றது என்று பிரிக்கலாம். ஆனால் அமிலம் குறைவதே தைராய்டு மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பதால் நேரத்தைப் பிரிப்பது மட்டும் போதாது. கேஸ் மருந்து தொடங்கி ஒன்றரை, இரண்டு மாதத்தில் டிஎஸ்எச் என்ற தைராய்டு இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிடுவது நல்லது. இரும்புச்சத்து மாத்திரைக்கும் அமிலம் வேண்டும். இரத்தசோகைக்கு மாதக்கணக்கில் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறாதவர்கள் இந்தக் கோணத்திலும் யோசிக்கலாம்.

நிறுத்துவது எப்படி

"நிறுத்தினால் முன்னைவிட எரியுது, எனக்கு இது இல்லாம முடியாது" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. வாரக்கணக்கில் அமிலம் அடக்கப்பட்டிருந்தால் உடல் அதற்கு ஈடாக அமிலச் செல்களைத் தூண்டும் ஹார்மோனை அதிகமாகச் சுரந்துகொண்டிருக்கும். மருந்தை நிறுத்தியதும் அமிலம் முன்னைவிடப் பொங்கும். சில வாரங்களில் அது தானாக அடங்கிவிடும். இதை நோய் திரும்பிவிட்டதாக எண்ணி மறுபடியும் கேப்சூலுக்குப் போகிறவர்கள்தான் ஆண்டுக்கணக்கில் சிக்கிக்கொள்கிறார்கள்.

டோம்பெரிடோனை இப்படிப் படிப்படியாக நிறுத்த வேண்டியதில்லை. ஆகவே முதல் படி, மருத்துவரிடம் கேட்டு கூட்டு கேப்சூலிலிருந்து தனி பான்டோபிரசோலுக்கு மாறுவது. அடுத்து 40 மில்லிகிராமை 20 ஆக்குவது, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு தேவைப்படும்போது மட்டும். இடையில் எரிச்சல் வந்தால் டைஜீன், ஜெலுசில் போன்ற ஆன்டாசிட் திரவம் கைகொடுக்கும். மற்ற மருந்துகளோடு சேர்த்துக் குடிக்காமல் இரண்டு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

கூடவே இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விடுவது எல்லாவற்றையும்விட உதவும். பத்தரைக்குப் பரோட்டா சாப்பிட்டுப் பதினொன்றுக்குப் படுக்கிறவருக்கு எந்த மாத்திரையும் முழுதாக உதவாது. கட்டிலின் தலைப்பக்கக் காலுக்கு அடியில் செங்கல் வைத்து அரை அடி உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடியும். இடது பக்கம் சாய்ந்து படுங்கள். தொப்பை இருந்தால் கொஞ்சம் குறைந்தாலே வித்தியாசம் தெரியும். புகையிலையை விட வேண்டும். காப்பியும் காரமும் எல்லோருக்கும் எதிரி இல்லை. உங்களுக்கு எது எரிக்கிறதோ அதை விட்டால் போதும்.

கேட்க வேண்டியதும் சொல்ல வேண்டியதும்

இந்த அட்டைகளில் சிவப்புக் கோடு இருக்கும். பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். அடுத்த முறை சீட்டில் இதைப் பார்த்தால் மருத்துவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: "இது எத்தனை நாளைக்கு, டாக்டர்?" "எனக்குக் குமட்டல் இல்லையே, டி இல்லாத மாத்திரை போதுமா?" இதய நோய், கல்லீரல் நோய், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மற்ற மருந்துகள், வீட்டில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தால் அந்தச் செய்தி, இவற்றை அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் மறுநாள் வழக்கமான நேரத்தில் ஒன்றே ஒன்று. இரண்டாகப் போடக் கூடாது.

மருந்து தொடங்கிய பின் படபடப்பு, தலை கிறுகிறுப்பு, மயக்கம் வந்தால் அடுத்த கேப்சூலைப் போடாமல் மருத்துவரைப் பாருங்கள். மயங்கி விழுந்தால் நேராக மருத்துவமனைக்கு. பக்க விளைவு என்று சந்தேகப்பட்டால் நோயாளியே நேரடியாகப் புகார் செய்ய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணை வைத்திருக்கிறது. அழைக்கும்போது அட்டை கையில் இருக்கட்டும், பேட்ச் எண்ணைக் கேட்பார்கள்.